வீட்டுக்கல்விக்கு நாடு கடந்த துணை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டுக்கல்வி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதிய கட்டுரை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குடும்பம் ஊரோடு ஒட்டாமல் தனித்துப் போய்விடும் என்று முடித்திருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். என் மகளும் மகனும் வீட்டில்தான் படிக்கிறார்கள். பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் எனக்குப் பழக்கமெல்லாம் எங்கள் தெருவோடு சரி. இப்போது சந்தேகம் கேட்கவும் சண்டை போடவும் பல நாடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுரை இந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

இது இன்டர்நெட் வந்த பிறகு வந்த பழக்கமும் அல்ல. 1977-இல் கல்வி பற்றி எழுதிவந்த ஜான் ஹோல்ட் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். அதில் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய கடிதங்கள்தான். சம்மதித்த குடும்பங்களின் முகவரிகளையும் போட்டார்கள், ஒருவரையொருவர் தேடிக்கொள்ளட்டும் என்று. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் 'எஜுகேஷன் அதர்வைஸ்' என்ற வீட்டுக்கல்விப் பெற்றோர் சங்கமும் தொடங்கியது.

ஒரு நாட்டின் சட்டம் கதவைச் சாத்தும்போது இந்தத் துணையின் அருமை தெரியும். ஸ்வீடனில் 2010-இல் நிறைவேறிய பள்ளிச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மிக அசாதாரணமான சூழ்நிலை இருந்தால் மட்டுமே வீட்டில் கற்பிக்கலாம் என்று ஆகிவிட்டது. சில குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓலந்துத் தீவுகளுக்குப் போயின. பின்லாந்தைச் சேர்ந்தவை, ஆனால் ஸ்வீடிஷ் மொழி பேசும் தீவுகள் அவை. பின்லாந்தில் பிள்ளை கற்பதுதான் கட்டாயம், பள்ளிக்குப் போவது கட்டாயம் இல்லை. படிப்பு முன்னேறுகிறதா என்பதை உள்ளாட்சி கவனித்துக்கொள்ளும். ஸ்வீடன் வீட்டுக்கல்விச் சங்கத் தலைவராக இருந்த யோனாஸ் ஹிம்மெல்ஸ்ட்ராண்டும் 2012-இல் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். வேலை, வீடு, தாத்தா பாட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறுவது லேசான காரியமா? போகிற இடத்தில் அதே மொழி பேசி, அதே வழியில் பிள்ளை வளர்க்கும் நாலு குடும்பம் இருந்தால்தான் அந்தத் துணிவு வரும்.

அதே ஆண்டு உலக வீட்டுக்கல்வி மாநாடு அவர் தலைமையில் பெர்லினில் கூடியது. வீட்டுக்கல்வியை ஏறக்குறைய அறவே தடுக்கும் நாட்டின் தலைநகரிலேயே கூடினார்கள். பிறகு 2016-இல் ரியோவிலும் 2018-இல் ரஷ்யாவிலும் மாநாடுகள் நடந்தன. ஆனால் ஜெர்மனி அசையவில்லை. 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஜெர்மன் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. தனிக் குடும்பங்களுக்குக் கிடைத்த உதவிதான் பலன் தந்தது. ஜெர்மனியிலிருந்து 2008-இல் அமெரிக்காவின் டென்னசிக்குப் போன ரோமைக்கே குடும்பத்துக்கு 2010-இல் அடைக்கலம் கிடைத்து, மேல்முறையீட்டில் பறிபோனது. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்த மறுநாள், அரசு அவர்களைத் தங்க அனுமதித்தது. வழக்கை நடத்தியது எச்.எஸ்.எல்.டி.ஏ. என்னும் அமெரிக்க வீட்டுக்கல்விச் சட்ட அமைப்பு.

அந்த உதவியை நான் மதிக்கிறேன். அதோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பணமும் வக்கீல்களும் அங்கேயே இருப்பதால், உலக அரங்கில் வீட்டுக்கல்வியின் குரல் என்றால் அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குரலாகவே கேட்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காகவோ, பள்ளியில் மற்றவர்களிடம் அடிபட்டு நொந்துபோன பிள்ளைக்காகவோ இந்த வழிக்கு வந்தவர்களுக்கு அந்த வாதங்கள் பொருந்துவதில்லை. அரசு எட்டிப் பார்ப்பதே தவறு என்பதிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. இங்கே வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பதிவேடு கொண்டுவரும் மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பல நாட்டுப் பெற்றோர் சேர்ந்த எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம். அப்போது சிங்கப்பூர்த் தோழி சொன்னதுதான் பலரை யோசிக்க வைத்தது. அங்கே கல்வி அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில், எழுதுபவர்களில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கினரையாவது தாண்டியிருக்க வேண்டும். "அப்படியும் நாங்கள் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். பதிவேட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள்" என்றார். இதைவிட நல்ல ஆலோசனை எனக்கு இந்நாட்டுக்குள் கிடைக்கவில்லை.

அன்றாட உதவி பெரும்பாலும் பரீட்சையைச் சுற்றித்தான். இங்கே வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்புக்கு நிகரான ஐஜிசிஎஸ்இ தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதுகிறார்கள். செலவு நம்முடையது, மையத்தையும் நாமே தேட வேண்டும். என் மகளுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்த ஒரு மையம் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. அதே தேர்வைச் சென்னையிலும் கோலாலம்பூரிலும் எழுதுகிறார்கள் என்பதால் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் கை மாறுகின்றன. இந்தத் தேர்வை நடத்தும் வாரியங்களில் ஒன்றான கேம்பிரிட்ஜின் அறிவியலில், செய்முறைத் தேர்வு எழுத ஆய்வகம் இல்லாதவர்களுக்கு ஆறாம் தாள் என்று ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. கையால் செய்து பார்க்காமல் அதை எழுதுவது கடினம். அதனால் கோடைச் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கேமரா முன்னால் ஒன்றாக உட்கார்கிறார்கள். எங்களுக்குக் காலை 9 மணி, சென்னையில் பகல் ஒன்றரை, சிங்கப்பூரில் மாலை 4.

ஒரு முறை ஊசல் சோதனை. நூலும் ஒரு பூட்டும் போதும். ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து அலைவு ஏறக்குறைய 20 விநாடி வர வேண்டும். எங்கள் வீட்டிலும் சென்னையிலும் வந்தது. சிங்கப்பூர்ப் பையனுக்கு மட்டும் 18. கடிகாரம் சரியில்லை என்று அவன் சாதித்தான். கேமராவை மேலே தூக்கிக் காட்டச் சொன்ன சென்னைப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். கதவுச் சட்டத்தில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டியதில் நூல் ஒரு சாண் குறைந்திருந்தது! பிழை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஆறாம் தாளில் அடிக்கடி வரும். அதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எது?

ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்கள் என்னிடம் ஓயாமல் கேட்பது, இந்தியாவில் இது செல்லுமா என்பதுதான். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பதினான்கு வயது முடிந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மாநில வாரியத்தில் தனித்தேர்வர் வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜும் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் வயது, கட்டணம், அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் சேர்வது எப்படி என்பது வரை தமிழில் விளக்கமான கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு உங்கள் இதழில் எழுதச் செய்யுங்கள். இங்கிலாந்து நடைமுறையை எழுதித் தர நான் தயார். சிங்கப்பூர்த் தோழியையும் எழுத வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து