வாக்குரிமையும் சுயஉதவியும்: மேரி இரட்ணத்தை விட்டுவிட்டு எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மகளிர் தினச் சிறப்பிதழில் வெளிவந்த, இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாறு பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். அக்னஸ் டி சில்வாவுக்கு அதில் உரிய இடம் கிடைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. மலையகத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று, இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே என்று தயங்காமல் பதிலளித்தவரை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆயினும் டாக்டர் மேரி இரட்ணத்தின் பெயர் அக்கட்டுரையில் ஓரிடத்திலேனும் இல்லை. அதே இதழில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி எழுதியவரோ, அவற்றைக் கடன் கொடுத்து வாங்கும் ஏற்பாடாக மட்டுமே விளக்கியிருக்கிறார். மேரி இரட்ணத்தை மறந்ததால்தான் இரண்டாவது குறையும் நேர்ந்தது என்பது என் எண்ணம்.

1873இல் கனடாவில் பிறந்து, மருத்துவம் படித்து, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணிக்கென 1896இல் இலங்கைக்கு வந்தவர் மேரி. தமிழரான இரட்ணத்தை அவர் மணந்ததை மிஷனில் இருந்தோர் ஏற்கவில்லை. அவர் அப்பணியை விட்டு விலக நேர்ந்தது. ஊருக்குத் திரும்பிப் போகாமல் கொழும்பிலேயே தங்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்தார். 1909இல் தொடங்கிய தமிழ் மகளிர் சங்கத்தின் பின்னால் நின்றவர்களுள் அவர் முக்கியமானவர். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானபோதும் அதன் தொடக்கக்காரர்களுள் ஒருவராக இருந்தார். அன்று எதிர்ப்பு சாதாரணமானதாக இருக்கவில்லை. மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று பெரும் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதிட்டார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மட்டும் வாக்களிக்கலாம் என்று ஆணைக்குழு முதலில் பரிந்துரைத்தது. இறுதியில் 1931இல் ஆண்களைப் போலவே 21 வயதிலேயே அவ்வுரிமை கிடைத்தது.

இவற்றுக்கிடையே, 1930இல், மேரி லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1897இல் தோன்றிய கிராமப்புற மகளிர் நிறுவனங்களை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த இந்தச் சமிதிகளில், கிராமத்துப் பெண்கள் தாமே கூடி, குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், வீட்டுத்தோட்டம், தையல், நெசவு என்று தமக்குத் தேவையானவற்றைக் கற்றும் கற்பித்தும் வந்தார்கள். வாக்குச்சீட்டைக் கையில் பெறப்போகும் பெண், அதற்கு முன்பே தன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசவும் தன் சங்கத்தை நடத்தவும் பழகியிருந்தால்தான் அந்த உரிமை அவளுக்குப் பயன்படும். வாக்குரிமைக் கிளர்ச்சியையும் கிராமச் சங்கத்தையும் ஒரே காலத்தில் அவர் முன்னெடுத்ததை வேறு எவ்விதமும் என்னால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. அவரே 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் உறுப்பினரானார். 1958இல், 85ஆவது வயதில், பொதுச்சேவைக்கான, பிலிப்பைன்ஸில் வழங்கப்படும் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

நான் வாழும் வன்னிக் கிராமத்தில் இன்று நடப்பதையும் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் காலையில் நுண்கடன் நிறுவனத்தின் அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு வீட்டு விறாந்தையில் அமர்கிறார். பெண்கள் அட்டையும் காசுமாகச் சூழ்ந்திருக்கிறார்கள். ஒருத்தியிடம் கட்டுக்காசு இல்லையென்றால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும். அதுவரை எவரும் எழுந்து போக முடியாது. அயலவளை அயலவளே நெருக்கும் இந்த ஏற்பாட்டின் கொடுமை முற்றியதால்தான், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வந்தது. கடனே வேண்டாம் என்பதல்ல என் வாதம்; விதைநெல்லுக்கும் தையல் இயந்திரத்துக்கும் பணம் வேண்டும்தான். ஆனால் பெண்கள் கூடுவதற்குக் கடன் ஒன்றே காரணமாகிவிட்டால், அங்கே பள்ளிக்கூடத்தைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ பேச எவருக்கும் மனம் இராது.

வாக்குரிமைக் கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. 1931இல் அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வாக்களிப்பு நடைபெறவில்லை. 1934இல்தான் அவ்விடங்கள் நிரப்பப்பட்டன. ஆகவே ஆசியாவிலேயே முதன்முதலாக வந்த சர்வசன வாக்குரிமையை யாழ்ப்பாணப் பெண்கள் உடனே பயன்படுத்த முடியாமல் போயிற்று. 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற பெண் சபைக்குள் நுழைந்தபோதும் அவர்கள் முதல் வாக்கை இட்டிருக்கவில்லை.

அடுத்த இதழ்களில் மேரி இரட்ணத்தின் வாழ்க்கையைத் தனிக் கட்டுரையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பழைய மாதர் சங்கங்களின் கூட்ட அறிக்கைப் புத்தகங்களை வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றின் பிரதிகளைத் தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற அறிவித்தலையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் புத்தகங்களில் போருக்குப் பின் எஞ்சியவற்றை நாங்கள் முதலில் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்