அப்பாவின் மைக்செட்டும் என் ஆறு பாய் அறையும்

யோகோஹாமா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகத் தம்பி சொன்னான். தேவிபட்டினத்தில் மீன் விலை இனியாவது இறங்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருப்பார்கள். முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய பட்டையைத் தினமும் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஜே செட் வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னதும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "சரிம்மா" என்றதோடு சரி. உப்பூர் பிள்ளையார் கோயிலிலிருந்து திருப்பாலைக்குடி கல்யாண வீடு வரைக்கும் மைக்செட் கட்டிய மனிதரிடம் இதை அரைகுறையாகச் சொல்லி விட எனக்கு மனதில்லை. எதை வாங்குகிறேன், எதை விட்டேன், ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் என் வேலை. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் என்றால் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். ரயிலில் அவ்வளவு கூட்டம் இருந்தும் யாரும் பேசமாட்டார்கள். குப்பையை வகை பிரித்துத்தான் போட வேண்டும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிழமை. இதெல்லாம் பழகிவிட்டது. இல்லத்துத் தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மதியத்துக்கு மேல் ஹாலில் உட்கார வைப்போம். அங்கே ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. தட்டு மாற்றத் தெரிந்தவர் யாரென்று பொறுப்பாளர் கேட்டபோது நான் கை தூக்கினேன். இங்கே நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிங்கிள் தட்டுகளின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், அதற்கு ஒரு குமிழை வைத்துத்தான் போட வேண்டும். மிசோரா ஹிபாரி என்று ஒரு பாடகி, இதே யோகோஹாமாவில் 1937-ல் பிறந்தவர், 1989-ல் காலமானவர். அவர் குரல் வந்ததும், காலையில் தன் பேரையே சொல்லாத ஒரு பாட்டி வரி தப்பாமல் கூடவே பாடினார். அடுத்து எந்தப் பாட்டைப் போட்டால் இந்த ஹால் இப்படியே நிற்கும் என்று என் கை தானாகத் தேடியது. அது நீங்கள் கொடுத்த பழக்கம்.

மதுரையில் நர்சிங் படித்தபோது ஹாஸ்டல் விழாக்களுக்கு ஒரு தோழியின் கண்ட்ரோலரில், லேப்டாப்போடு இணைக்கிற டிஜே கருவியில், நான் பாட்டுப் போட்டது உங்களுக்குத் தெரியும். அப்புறம் கடன், மொழித் தேர்வு, விசா என்று எல்லாம் நின்றுபோனது. இப்போது கடன் முடிந்தது. வாரத்தில் இரண்டு நாள் மாலை எனக்கே எனக்கு. அதனால் திரும்பவும் தொடங்குகிறேன்.

என் அறை ஆறு பாய் அளவு. இங்கே அறையைப் பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள். பத்துச் சதுர மீட்டர் வரும். சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் தும்மினால் கேட்கும். எந்தச் செட் என்பதில் பாதியை இந்த அறையே முடிவு செய்துவிட்டது.

ஆசை என்று பார்த்தால் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. ஒசாகாவின் மத்சுஷிதா கம்பெனி 1972-ல் கொண்டுவந்த பிளேயர். 1979-ல் வந்த எம்கே2 மாடல்தான் உலகம் முழுக்க டிஜேக்களின் கைக்குப் போனது. 2010-ல் நிறுத்திவிட்டு 2016-ல் திரும்பவும் செய்ய ஆரம்பித்தார்கள். நம் வீட்டு பிளேயரில் பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்குமே, இதில் பெல்ட்டே கிடையாது. மோட்டாரே தட்டை நேராகச் சுற்றுகிறது. கையால் பிடித்து நிறுத்தி விட்டாலும் நொடிக்குள் பழைய வேகத்துக்கு வந்துவிடும். குவார்ட்ஸ் வைத்து வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் கரண்ட் ஏறி இறங்குவது பாட்டில் தெரியாது. வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். பழைய பொருள் விற்கும் கடையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஆனால் வாங்கவில்லை. டிஜேவுக்கு அது இரண்டு வேண்டும். நடுவில் இரண்டின் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸர், இரண்டு முள், எல்லாம் சேர்ந்தால் என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் 10 கிலோவுக்கு மேல். அதோடு இந்த ஊருக்கென்று விற்பதெல்லாம் 100 வோல்ட். நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது, டிரான்ஸ்ஃபார்மர் தேடவேண்டும். நம் பெட்டியில் இருக்கிற 78 சுற்றுத் தட்டுகளும் எம்கே2-வில் ஓடாது, அதில் 33-ம் 45-ம்தான். தமிழ்ப் பாட்டுத் தட்டுகளை இங்கே உட்கார்ந்து எங்கே போய் வாங்குவேன்?

இன்னொரு வகை, கம்ப்யூட்டரே தேவையில்லாத ஒற்றைப் பெட்டி. பென்டிரைவைச் சொருகினால் போதும், திரை அதிலேயே இருக்கும். மேடைக்கு மேடை போகிறவர்களுக்கு அது சரி. வீட்டு மேசையில் வைத்துப் பழக அவ்வளவு பணம் போட வேண்டியதில்லை.

கடைசியில் நான் எடுப்பது சின்னக் கண்ட்ரோலர்தான். பயனியர் டிஜே டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. 2 கிலோவை ஒட்டித்தான் எடை, இரண்டு சுழல் தட்டு, நடுவில் மிக்ஸர். பாட்டும் மென்பொருளும் லேப்டாப்பில் இருக்கும், இது அதற்குக் கைப்பிடி. யூஎஸ்பி ஒயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்கிறது. இங்கே 100 வோல்ட், அங்கே 230 வோல்ட் என்ற கவலையே இல்லை. விடுமுறைக்கு வரும்போது துணிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். நான் பார்த்தபோது புதிதாக சுமார் 40,000 யென், நம் பணத்தில் இருபதாயிரத்துக்கு மேல். பழையது கிடைத்தால் இன்னும் குறையும், ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். ஃபேடர் என்கிற தள்ளு குமிழை மேலும் கீழும் இழுத்தால் கரகரக்கக் கூடாது, யூஎஸ்பி துளை ஆடக் கூடாது. ஆம்ப்ளிபையர் வாங்கப் போனால் வால்யூம் குமிழைத்தான் நீங்கள் முதலில் திருகிப் பார்ப்பீர்கள், அதே சோதனைதான்.

இதில் குறையும் உண்டு. வேகம் மாற்றும் ஃபேடர் பெரிய கருவிகளில் நீளம், இதில் குட்டை. மயிரிழை தள்ளினாலும் வேகம் கூடுதலாக மாறிவிடும். அதற்குக் கைதான் பழக வேண்டும்.

நீங்கள் ஹெட்போன் இல்லாமல் செய்ததை இந்தப் பெட்டி ஹெட்போனில் செய்கிறது. வால்யூமைக் குறைத்துவிட்டு, தட்டின் பக்கம் காதை வைத்து, முள்ளிலிருந்தே வரும் மெல்லிய சத்தத்தை வைத்துப் பாட்டின் தொடக்கத்தைப் பிடிப்பீர்களே, அதைத்தான் இங்கே க்யூ என்கிறார்கள். ஒரு பாட்டு ஊருக்குக் கேட்கும், அடுத்த பாட்டு என் காதுக்கு மட்டும் கேட்கும். உங்களிடம் பிளேயர் ஒன்றுதான் இருந்தது, அதனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் மைக்கில் பேசினீர்கள். எனக்கு இரண்டு தட்டு. முதல் பாட்டு முடியும் முன்னே இரண்டாவதின் தாளத்தை அதோடு சேர்த்துவிட வேண்டும்.

தாளத்தைச் சேர்க்க சிங்க் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் கம்ப்யூட்டரே வேகத்தைச் சரி செய்யும். நம் பாட்டுகளிடம் அது பலிப்பதில்லை, அப்பா. எண்பதுகள் வரைக்கும் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து கையால் வாசித்த பாட்டுகளில் வேகம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மென்பொருள் வழக்கமாக நேர்க்கோடு போட்டு எண்ணும், பாட்டு அந்தக் கோட்டில் நிற்காது. தெம்மாங்கும் கும்மியும் இன்னும் கஷ்டம். அவை மும்மூன்றாக நடக்கும் தாளம். இந்த மென்பொருள் எல்லாவற்றையும் நாலு நாலாகத்தான் எண்ணும், அதனால் வேகத்தை ஒன்றரை மடங்கு கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். நம்மூர் முளைப்பாரிக் கும்மியில் பெண்கள் கை தட்டுவதை ஒருமுறை கேட்டவர்களுக்குத் தெரிவது இதற்குத் தெரியவில்லை. ஆகவே சிங்க்கைத் தொடாமல் காதால்தான் சேர்க்கப் போகிறேன். சுருதிக்கும் ஒரு கணக்கு உண்டு: தட்டின் வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் பாட்டு அரைக்கட்டை ஏறும். கண்ட்ரோலரில் கீ லாக் போட்டால் வேகம் மாறும், சுருதி நிற்கும். ஆனால் ரொம்ப இழுத்தால் குரல் தகரம் மாதிரி ஆகிவிடும், அதனால் வேகம் பக்கத்தில் இருக்கிற பாட்டுகளையே ஜோடி சேர்ப்பேன்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு கதை சொல்கிறேன். ஜமைக்காத் தீவில் ஊர் ஊராகப் பெரிய பெட்டிகளைக் கட்டிப் பாட்டுப் போடுகிற வழக்கம் உண்டு, நம் மைக்செட் போலத்தான். அங்கிருந்து சிறுவனாக நியூயார்க் போனவர் கிளைவ் கேம்ப்பெல், கூல் ஹெர்க் என்று பெயர் வாங்கியவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில் தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பொதுக்கூடத்தில் பாட்டுப் போட்டார். ஏற்பாடு செய்தவர் தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க நடத்திய விருந்து அது. ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, பாட்டின் நடுவே தாளம் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஹெர்க் நீட்டினார், ஆட வந்தவர்கள் அந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். ஹிப்-ஹாப் அங்கேதான் தொடங்கியது என்று சொல்வார்கள். பிழைக்கப் போன குடும்பம் தன் தீவின் சத்தத்தைக் கூடவே கொண்டுபோயிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு நம் குழாய் ஸ்பீக்கர் ஞாபகமாகவே இருக்கிறது.

செலவில் நான் கஞ்சத்தனம் பார்க்காதது ஹெட்போனில்தான். காதை முழுதாக அடைக்கும் மூடிய வகை வேண்டும், ஒரு பக்கத்தை எளிதாகத் திருப்பி ஒற்றைக் காதால் கேட்க வர வேண்டும். சென்ஹைசர் எச்டி 25 எடுத்திருக்கிறேன். 1988-லிருந்து வருகிற மாடல், லேசானது, ஒயரும் காதுப் பஞ்சும் தனித்தனியாகக் கிடைக்கும், அதனால் ஒன்று போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பீக்கர் மேசையில் வைக்கிற சின்ன ஜோடிதான். கனமான பேஸ் தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும், அதனால் பெட்டிக்கு அடியில் பஞ்சுத் திண்டு வைத்து, இரவு எட்டு மணிக்கு மேல் ஹெட்போன் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். நிலநடுக்கம் வருகிற ஊர், எதையும் உயரத்தில் வைப்பதில்லை.

நம்மூர்க் குழாய்க்கு இந்தப் பாட்டுகளின் பேஸ் வராது, அது அடிச் சத்தத்துக்குச் செய்ததில்லை. பேச்சும் நாதஸ்வரமும் பழைய பாட்டின் குரலும் அதில் போகிற தூரம் வேறு எந்தப் பெட்டியிலும் போகாது. ஒரு நாள் இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்க வேண்டும், குரல் குழாயில், அடி பெட்டியில். நீங்கள்தான் கட்டித் தர வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு முன்னால் முடித்துவிடுவோம்.

கண்ட்ரோலரை ஊருக்குக் கொண்டுவந்தால் உப்புக்காற்றுதான் எனக்குப் பயம். பழைய ஆம்ப்ளிபையரின் ஜாக் எல்லாம் பச்சை பூத்ததும், நீங்கள் ஒவ்வொன்றாகத் துடைத்ததும் நினைவிருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவும், ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலமும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. கருவி எது என்பதைவிடப் பாட்டு எது என்பதுதான் பெரிய வேலை. இணையத்தில் கிடைக்கிற பழைய பாட்டுகள் பலவும் நசுங்கிய சத்தம். பாட்டுக் கோப்பின் தரம் 320 கேபிபிஎஸ்-க்குக் குறைந்தால் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்கள் கேசட்டுகளில் இருக்கும் கும்மிப் பாட்டுகளும் ஒப்பாரியும் எங்கும் கிடைக்காது. இலங்கை வானொலியிலிருந்து நீங்கள் பிடித்து வைத்தவையும் அப்படித்தான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதை அந்த வானொலியைக் கேட்டே கற்றதாகச் சொல்வீர்கள். எந்த விழாவுக்கு எந்த வரிசை என்று எழுதி வைத்த நோட்டும் எனக்கு வேண்டும். தம்பியை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் எடுத்து நிமிர்த்தி வையுங்கள், ஓட்டுக்கு அடியில் வெயில் இறங்கும் மூலை வேண்டாம். கேசட்டுகளை யாரிடமும் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டாம், நான் வந்து என் கையால் செய்கிறேன். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

பழைய இரும்புக்குப் போடுவதாகச் சொன்ன ஆம்ப்ளிபையரைத் தயவுசெய்து போட வேண்டாம். அதன் பின்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். வெளியிலிருந்து பாட்டை உள்ளே கொடுக்கும் ஆக்ஸ் துளை என்ன அளவு என்று பார்த்த பிறகுதான் கண்ட்ரோலரிலிருந்து அதற்குப் போகும் ஒயரை இங்கே வாங்க முடியும். குழாய் ஸ்பீக்கருக்கு ஒயர் மாட்டும் 100 வோல்ட் லைன் திருகுகளில் எத்தனை வேலை செய்கின்றன என்பதையும் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்