வெளுத்துப்போன நான்கு துண்டுகள்

கோபிசெட்டிபாளையம்,
தை மாதம்.

அன்பு நண்பன் துரைசாமிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. நான் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது உன் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு வந்த மான்கொம்புப் பவளத்திலிருந்து தனித்தனியாக வளர்க்க ஆறு துண்டு வெட்டி எடுத்தாய் என்பதும், மூன்றாம் நாளுக்குள் நான்கு வெளுத்து வெறும் எலும்பாகிவிட்டன என்பதும் படிக்கச் சங்கடமாக இருந்தன. ஆனால் கத்திரி மழுங்கியதுதான் காரணம் என்று நீ முடிவுகட்டியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்ப்பவளத்தின் அடியில், கத்திரியே படாத இடத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்குத் தோல் கழன்று வெள்ளை தெரிகிறது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், முந்தின வாரம் தொட்டிக்குக் கடல்நீர் கலக்கும் உப்பை வேறு கம்பெனிக்கு மாற்றியதாகவும், பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றியதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த ஒரு வரி போதும். ஒரு கம்பெனி உப்பைக் கரைத்தால் காரத்தன்மை, அதை அளக்கும் டிகேஎச் அலகில், 7 அளவில் நிற்கும். இன்னொன்று 11, 12 வரை போகும். அவ்வளவு வேறுபாடுள்ள தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் இரண்டு அலகு ஏறிவிடும். மீனுக்கு அது தெரியாது, அக்ரோபோரா என்ற இந்த மான்கொம்புப் பவளத்துக்குத் தாங்காது. ஏற்கெனவே நலிந்திருந்த பவளத்தைத்தான் நீ அறுத்திருக்கிறாய்.

இதை நான் உனக்குப் புத்திசொல்லும் தகுதியோடு எழுதவில்லை. 2014-இல் காரத்தன்மை குறைந்துவிட்டதென்று பதறி, இரண்டு நாளுக்குப் பிரித்து ஊற்றவேண்டிய கரைசலை ஒரே இரவில் ஊற்றினேன். மறுநாள் காலையில் ஏழு துண்டு அறுத்தேன். ஐந்தின் நுனி தீய்ந்தது. அன்றைக்கு நானும் கத்திரியைத்தான் திட்டினேன்.

இப்போதைக்கு அறுப்பதை நிறுத்து. தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதி வை; இரண்டு வாரம் அது ஏறாமலும் இறங்காமலும் நின்றால் பிறகு பார்க்கலாம். 7.5 என்றாலும் 8.5 என்றாலும் எனக்குச் சம்மதமே, ஆனால் நேற்று இருந்தது இன்றும் இருக்கவேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300 மில்லிகிராம், உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 26 டிகிரி என்ற கணக்கெல்லாம் உனக்கே தெரியும்.

அறுக்கும்போது, அடிக்கிளையை விட்டுவிட்டு, வெளிச்சமும் நீரோட்டமும் நன்றாகப் படும் மேல்கிளையாகப் பார்த்து ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் எடு. வெளியே எடுத்ததும் அது சளியைக் கொட்டும். விரலுக்கும் துண்டுக்கும் நடுவே கண்ணாடி நூல்போல இழுபடும். அதைத் தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளியில் அலசிவிடு, தொட்டிக்குள் போகவிடாதே. ஜெல் பதத்தில் உள்ள சூப்பர் குளூவை வைத்துத் தண்ணீருக்குள் இறக்கியவுடன் அதன்மேல் வெள்ளை ஆடை கட்டிவிடும். அந்த ஆடை கிழியுமாறு துண்டைச் சற்றுத் திருகி அழுத்தினால்தான் பிடிக்கும். பிறகு தொடாதே. இரண்டு வாரத்தில், வெட்டிய விளிம்பிலிருந்து மெல்லிய தோல் இறங்கிப் பசையின்மேல் படரத் தொடங்கினால் அது பிழைத்துவிட்டது என்று பொருள். அகலப் படர்ந்த பிறகே உயரும். அதற்குள் வளரவில்லையே என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பது உன் பழைய வழக்கம்.

நுனி இல்லாத நடுத்துண்டுகளை வீண் என்று எறிந்துவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே இந்த வாரம் எங்கள் தோட்டத்தில் கரும்பு நடவு. இருபரு கரணையை, அதாவது இரண்டு முளைக்கண் உள்ள கரும்புத் துண்டை, யாராவது நிமிர்த்தி நடுகிறார்களா? பரு பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்து மிதிக்கிறார்கள். இரண்டு பருவும் முளைக்கின்றன. அந்த நடுத்துண்டையும் அப்படியே படுக்கவைத்து ஒட்டு. கிளையை நீட்டும் நுனிப் பாலிப் (பவளத்தின் சிற்றுயிர்) இல்லாததால் தொடக்கத்தில் தாமதமாகும்; ஆனால் மேற்புறத்திலுள்ள பாலிப்களில் இரண்டு மூன்று நுனியாக மாறி, நிமிர்த்தி ஒட்டியதைவிட அடர்ந்த புதராகும். உனக்கு நான் கொடுத்த பவளமே அப்படிப் படுத்து வளர்ந்ததுதான்.

புதிதாக யாரிடம் துண்டு வாங்கினாலும் மருந்துநீரில் முக்கி எடு. அதில் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு உதிரும், அதன் முட்டை சாகாது. தோல் போன எலும்பின்மேல்தான் அது முட்டையிடும் என்பதால், துண்டு ஒட்டி வந்த அடிக்கட்டையை நறுக்கி எறிந்துவிட்டுப் புதிய கட்டையில் ஒட்டு.

ஊருக்கு வரும்போது பையில் ஒரு துண்டு கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தாய். விளையாட்டாகக்கூட வேண்டாம். இங்கே பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 முதல் புலியோடு சேர்ந்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தை நினைத்தால் அது நியாயம் என்றே படுகிறது. அதனால் என் பழைய தொட்டியில் இப்போது பவானித் தண்ணீரும் நாலு கெண்டைக் குஞ்சுகளும். அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மிச்சமிருக்கும் இரண்டு துண்டுகளின் படத்தை அடுத்த கடிதத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பு. கரணை வண்டி வந்து நிற்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
பழனிச்சாமி