அடுப்பு இருந்த பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கெல்லி கோட்டையில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய இருபது படமும் போதாது என்று சொல்லிவிட்டாய். "சுவரைத் தொட்டுப் பாத்தீங்களாப்பா? காரை எங்கெங்க உதிர்ந்திருக்கு?" என்று கேட்டாயே, அதற்கெல்லாம் போனில் ஒற்றை விரலால் தட்டிப் பதில் எழுத எனக்குப் பொறுமை போதாது. அதனால் தபால். மெல்பர்னுக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். கடைசியில் இன்னொரு தாளையும் இணைத்திருக்கிறேன். அதை இப்போதே புரட்டிப் பார்க்காதே.

போன சனிக்கிழமை உன் தம்பிக்கு லீவு. "சும்மா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் முட்டி மடங்காது" என்று என்னையும் அம்மாவையும் மைவி காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். பேரன் முன்சீட்டுக்கு அடம்பிடித்துத் தோற்றுப் பின்னால் எங்கள் நடுவில் உட்கார்ந்தான். அம்மா விடிய எழுந்து எலுமிச்சம் சாதம் கட்டியிருந்தாள். வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டதில் அந்தச் சாதத்தை மத்தியானம் மூன்று மணிவரை யாரும் தொடவில்லை. அதற்கு அவள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் ஈப்போ ரயில் நிலையத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். 1917-ல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம், உனக்குத் தெரியாததா. பேரனுக்குக் காட்ட நினைத்தது எதிரே நிற்கிற ஈப்போ மரத்தை. ஊருக்குப் பெயர் கொடுத்தது அந்த மரம்தான். அதன் பாலை எடுத்துத்தான் பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்பில் விஷம் தடவினார்கள் என்று சொன்னேன். பையன் அதன்பிறகு மரத்துக்கு ஐந்தடி தள்ளியே நடந்தான். பால் வடிகிற மரம் என்றாலே நமக்கு ரப்பர் மரம்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்வது.

அங்கிருந்து சீனிவாசகம் பூங்கா. முன்பு அதற்கு முடிசூட்டு விழாப் பெயர், கொரோனேஷன் பார்க். டி.ஆர். சீனிவாசகம் யார் என்று தம்பிக்கே தெரியவில்லை. ஈப்போவின் வக்கீல், நாடாளுமன்ற உறுப்பினர், மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவர், 1969-ல் காலமானவர் என்று நான் பாடம் எடுத்தேன். அவன் தலையாட்டிக்கொண்டே பார்க்கிங் தேடினான். உள்ளே ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. கல் விளக்கு, குட்டிப் பாலம், குளத்தில் மீன். ஈப்போவும் ஜப்பானின் ஃபுகுவோக்காவும் சகோதர நகரங்கள் அல்லவா, அந்த உறவில் வந்தது. அழகுதான். ஆனால் ஒவ்வொரு புல்லையும் அதட்டி உட்கார வைத்ததுபோல இருந்தது எனக்கு. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எவ்வளவு பிடித்தது என்றால், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பூச்செடிக் கொப்பை ஒடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் "பூக்களைப் பறிக்காதீர்" என்று பலகை எழுதியவனின் மனைவி. நான் பார்க்காததுபோல நடந்தேன்.

"தோட்டம் பாத்தாச்சு, அடுத்து எங்க?" என்று பேரன் கேட்டான். இவனுக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டம். உன் பாட்டியிடம் "தோட்டம் பார்க்கப் போறோம்" என்று சொல்லியிருந்தால், ரப்பர் தோட்டம் என்றே நினைத்து, எந்தத் துரை, எத்தனை ஏக்கர், ஆளெடுக்கிற பெரட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பாள்.

சரி, நீ கேட்ட இடத்துக்கு வருகிறேன்.

பத்து காஜாவுக்குப் போகிற சாலையில், வளைவு திரும்பியதும் மேட்டில் தெரிகிறது கெல்லி கோட்டை. மலாயில் பத்து என்றால் கல், காஜா யானை, நம்முடைய கஜம்தான். ஆக கல்யானை ஊரில் ஒரு கல்மாளிகை. நுழைவுச் சீட்டு வாங்கும்போது அடையாள அட்டை காட்டினால் உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு. சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டி, வெட்டிவிட்ட புல்வெளி வழியாக மேலே ஏற வேண்டும். என் முட்டி அங்கேயே ஒருமுறை சத்தம் போட்டது.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890-ல் இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். அல்மா பேக்கர் என்பவரோடு சேர்ந்து பேராக்கில் காடு திருத்துகிற வேலையில் பணம் பார்த்தார். அதை வைத்துக் கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் காடு வாங்கிப் பால்மரம் நட்டார், ஈயத்திலும் கை வைத்தார். தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று ஊர்ப்பாசத்தோடு பெயர் வைத்தார். முதலில் கட்டிய வீடு பின்னால் சிதைந்து கிடக்கிறது. 1915-ல் மகன் பிறந்த பிறகு இந்தப் பெரிய மாளிகையை ஆரம்பித்தார். கல்லும் செங்கலும் இந்தியாவிலிருந்து, கொத்தனார்கள் எழுபது பேர் மதராஸிலிருந்து. ஆறு மாடிக் கோபுரம், அதற்கு மலாயாவிலேயே முதல் மின்தூக்கி, உள்ளேயே டென்னிஸ் ஆடுகளம் என்று திட்டம். 1926-ல் லிஸ்பனுக்குப் போனவர் நிமோனியா வந்து அங்கேயே இறந்தார். மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். மாளிகை பாதியில் நின்றது.

இனி நீ கேட்ட சுவர். தொட்டுப் பார்த்தேன். வெயில்பட்ட பக்கம் சூடாகவும் சொரசொரப்பாகவும், உள்தாழ்வாரத்தில் ஈரமாகவும் இருக்கிறது. காரை உள்ள இடத்தில் மங்கலான சாம்பல் நிறம், உதிர்ந்த இடத்தில் செங்கல் அப்படியே பல் இளிக்கிறது. வளைவுகளின் அடிப்பக்கம்தான் அதிகம் போயிருக்கிறது, மழைச்சாரல் அங்கேதான் அடிக்கும் போல. ஜன்னல்களுக்குச் சட்டமே கிடையாது. மின்தூக்கிக்கு விட்ட சதுரக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன், மேலே ஒரு துண்டு வானம். இதைத்தான் நீ படத்தில் பார்த்து "அழகா இருக்குப்பா" என்று சொன்னாய். மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு குறுகல். அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டாள். பேரன் மட்டும் பேய் எங்கே என்று ஒவ்வொரு அறையாகத் தேடினான். பேய்க்கதை சொல்லியே அந்த இடத்துக்குக் கூட்டம் சேர்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எனக்கு ஒரு செங்கல் போதுமாக இருந்தது. இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், கண்மட்டத்தில், ஒரு வரிசை சற்றே சாய்ந்து ஏறுகிறது. பத்துப் பதினைந்து கல்லுக்குப் பிறகு யாரோ கவனித்துக் கலவையைக் கூட்டிக் குறைத்து மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஆள் யார்? முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் ஸ்பானியக் காய்ச்சல் வந்து வேலையாட்களில் பலரைக் கொண்டுபோனது. சாய்ந்த வரிசையை வைத்தவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதா, சரி செய்தவன் வேறு ஆளா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த சீனக் குடும்பம் படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் அங்கிள் என்றது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, கோயில் கட்டிக்கொடுங்கள் என்று நம் ஆட்கள் கேட்டார்களாம், துரையும் கட்டிக்கொடுத்தாராம். கொஞ்ச தூரத்தில் அந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. கூரைமேல் சாமி சிலைகளோடு ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார், அவர்தான் துரை. கேலி செய்வதற்கில்லை. கேட்டதும் கோயில் கட்டிக் கொடுத்தவரைச் சாமி பக்கத்தில் நிறுத்துவது நம் சனத்தின் நன்றி. ஆனால் துரையின் பெயர் சாலைப் பலகையிலும் நுழைவுச் சீட்டிலும் இருக்கிறது. அந்த எழுபது பேரின் பெயரை அன்று நான் எந்தப் பலகையிலும் பார்க்கவில்லை. அம்மா கற்பூரம் ஏற்றும்போது நான் யாரென்று தெரியாத அந்தக் கொத்தனார்களுக்காகவும் கும்பிட்டேன். வாத்தியாருக்கு இதெல்லாம் தேவையா என்று நீ சிரிப்பாய்.

திரும்பும்போது தம்பியிடம், கோப்பெங் பக்கமாகப் போ, நம்ம பழைய தோட்டத்து வழியாகப் போகலாம் என்றேன். 1988-ல் நாங்கள் வெளியே வந்த தோட்டம், நீ பிறப்பதற்கு முந்தியே. பால்மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நடுவில் ஒரு லாரிப் பாதை. பால் சேர்க்கிற ஸ்தோர், பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை, கணக்கெழுதுகிற கிராணியின் வீடு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயம், எதுவும் இல்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையும்தானே, கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள். காரை நிறுத்தி இறங்கினேன். "தாத்தா, உங்க வீடு எங்க?" என்றான் பேரன். இரண்டு செம்பனைக்கு நடுவே கையைக் காட்டினேன். "அங்க இல்ல, இன்னும் அந்தப் பக்கம்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சாலையில் நின்று வாதாடினோம். காட்டுவதற்கு ஒரு கல்லாவது கிடைத்தால் சண்டை முடிந்திருக்கும். துரை குடிபோகாத வீடு நூறு வருடமாக நிற்கிறது. மூன்று தலைமுறை சோறாக்கிய லயம் பாழடைந்து நிற்கக்கூட இல்லை. அதை நினைத்து வருத்தம் என்று சொல்லமாட்டேன், எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்தச் செம்பனை நிழலிலேயே எலுமிச்சம் சாதத்தைப் பிரித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

நீ நாலாம் வகுப்பில், "தாத்தா வீட்டுப் படம் ஒட்டணும்" என்று அழுதது ஞாபகம் இருக்கிறதா? திருவிழாவில் கோயில் முன்னால் எடுத்த ஒரு படத்தைத்தான் கொடுத்தேன். வீடு அதில் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தாள். இப்போது புரட்டலாம்.

ஞாபகத்தில் இருந்து வரைந்தது. முன்னால் அஞ்சடித் தாழ்வாரம், அங்கேதான் பாட்டி பால் சுமக்கிற காண்டா வாளியையும் மரம் சீவுகிற உளியையும் வைப்பாள். உள்ளே ஒரே கூடம், என் காலடியில் ஒன்பதுக்கு எட்டு. தடுப்புப் பலகை, அதன் பின்னால் படுக்கிற இடம். பின்கதவைத் தாண்டிக் குசினி, சமையற்கட்டு. குழாய் எங்கள் வீட்டுக்குக் கிடையாது, ஆறு வீட்டுக்கு ஒன்று, அதைப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறேன். கோடெல்லாம் கோணல். நீ அளவுகோல் வைத்து, உன் வேலை முறைப்படி, நேராக வரைந்து அனுப்பு. கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று தம்பி சொல்கிறான்.

ஒன்றுதான் தீரவில்லை. அடுப்பு குசினியில் இடப்பக்கம் இருந்தது, அப்படித்தான் வரைந்திருக்கிறேன். அம்மா வலப்பக்கம் என்கிறாள். நான் அந்த வீட்டிலேயே பிறந்தவன், அவள் ஏழு வருடம் அங்கே சமைத்தவள். நீ பார்த்துப் போடு.

அன்புடன்
அப்பா