சொறிமீனுக்குக் காசு போடலாமா என்று கேட்டாயே

டேய் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் என் கைதான், முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்து, பேனை பிடிக்கவே ஏலாமல் கிடந்தது. போன ஞாயிறு மாமாவின் தோணியில் எங்கள் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்துக்கு அங்கால வலை இழுக்கப் போனேன் (இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காதே, வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்). இறால் வரும் என்று பார்த்தால் வலை முழுக்கச் சொறி, அந்த ஜெலிமீன்தான், தூக்க முடியாத பாரம். எரிவு தாங்காமல் மணலை அள்ளித் தேய்த்தேன். அது பெரிய பிழையாம், தேய்க்கத் தேய்க்க தோலில் ஒட்டிக் கிடக்கிற மிச்சக் கொடுக்குகளும் வெடிக்குமாம். எல்லாம் முடிந்த பிறகுதான் மாமா சொல்கிறார், கடல் தண்ணியால் கழுவிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று.

சரி, நீ கேட்ட விசயம். வாவியில் சொறி பிடித்துப் பதப்படுத்திச் சீனாவுக்கு அனுப்பப் போகிறோம், நீயும் பங்கு போடு என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். அப்படியொரு தொழில் இருப்பது உண்மைதான். உப்பும் சீனக்காரமும் போட்டுத் தண்ணியை இறக்கி எடுப்பார்கள், ஆந்திரா, தமிழ்நாட்டுக் கரைகளிலும் செய்கிறார்கள். எனக்குப் பிரச்சினை அதில்லை, அவர் வாவியில் பிடிக்கப் போகிறார் என்பதுதான். வாவித் தண்ணியில் இருக்கிற உலோகங்கள் சொறியின் உடம்பில் சேரும்.

அன்றைக்கு வலையில் வந்த ஒன்றைச் சும்மா ஒரு ஆசைக்குக் கோழிக்கூட்டுத் தகரத்தில் போட்டுக் காயவிட்டேன். சோத்துக் கோப்பை அளவு இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் அப்பளத்தை விட மெல்லிய ஒரு தோல், ஓரத்தில் உப்புப் பூத்திருக்கிறது, அவ்வளவுதான். நூற்றுக்கு 95 பங்கும் தண்ணி அல்லவா. ஈரத்தோடு நிறுத்துச் சோதித்தால் ஈயமோ துத்தநாகமோ ஒன்றும் பெரிதாகத் தெரியாது, அதையே காயவைத்துச் சோதித்தால் கணக்கு வேறு மாதிரி வரும். அதனால் யாராவது உனக்கு ஒரு சோதனை அறிக்கையைக் காட்டினால் முதலில் ஈர எடையா உலர் எடையா என்று கேள்.

ஸ்பெயினில் மார் மெனோர் என்றொரு களப்பு இருக்கிறது, 135 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட எங்கள் வாவி அளவு, நடுவில் ஒரு மணல் திட்டுத்தான் கடலைப் பிரிக்கிறது. பக்கத்து மலைகளில் பழைய சுரங்கங்கள், மழைக்கு அந்தக் கழிவு களப்புக்குள் இறங்கும். அங்கே கோடையில் பெருகுகிற சொறியைப் பொரித்த முட்டை என்றே சொல்வார்கள், பார்த்தாலும் அப்படித்தான். அதன் உடம்பைச் சோதித்தபோது தண்ணியில் இருப்பதைவிடப் பல மடங்கு உலோகம். செதிலில்லை, ஓடில்லை, தண்ணியில் உள்ளது நேரே உடம்புக்குள் போகிறது, மிதக்கிற சின்ன உயிர்களைத் தின்னும்போது இன்னும் கொஞ்சம். கோடை முடியச் செத்து அடியில் விழும், பிடித்து வைத்ததெல்லாம் திரும்பச் சேற்றுக்கு. தோட்ட உரமும் சேர்ந்து 2019இல் அந்தக் களப்பில் மீன்கள் தொன்கணக்கில் செத்து ஒதுங்கின. 2022இல் களப்புக்கே ஒரு ஆளுக்குரிய உரிமை கொடுத்துச் சட்டம் போட்டார்கள், எங்கள் வாவி கேட்டால் பொறாமைப்படும்.

எங்களுக்குச் சுரங்கம் இல்லை என்பாய். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் தண்ணி எங்கே போகிறது? பொஸ்பேட் உரத்தோடு கட்மியம் என்ற நச்சு உலோகமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். டவுன் கான் தண்ணி, அரிசி ஆலைத் தண்ணி, வள்ள எஞ்சின் எண்ணெய் எல்லாம் வாவிக்குத்தான். 56 கிலோமீட்டர் நீள வாவிக்கு வாய் இரண்டு, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும், கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் மாரியில் வெட்டிவிடும் வரைக்கும் வந்ததெல்லாம் உள்ளேதான் கிடக்கும். பாலத்தடியில் கிடக்கிற போத்தல்கள் வேறு, சொறியின் குஞ்சுப் பருவம் அப்படிக் கெட்டியான எதிலாவது ஒட்டித்தான் வளரும். நாங்களே தொட்டில் கட்டிக் கொடுக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும், சொறியில் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பில் தங்குகிற பூச்சிமருந்துகளை அதில் தேடினால் பெரிதாகக் கிடைக்காது, அதற்கு நண்டையும் மீனையும்தான் பார்க்க வேண்டும். சொறி சுத்தம் என்று ஒரு பேப்பர் வந்தாலும் வாவி முழுக்கச் சுத்தம் என்று ஆகாது. நண்டு என்றதும் உனக்கு முகம் சுருங்குகிறது, தெரியும். நான் இன்னும் சாப்பிடுகிறேன், போன கிழமையும் சாப்பிட்டேன்.

அதனால் இப்போதைக்குக் காசை அனுப்பாதே. முகத்துவாரம் வெட்ட முன்னம் ஒருமுறை, வெட்டின பிறகு ஒருமுறை, இரண்டு தரம் பிடித்துக் காயவைத்துச் சோதித்துக் காட்டச் சொல். மனிசன் அதற்குச் சம்மதித்தால் மறுகா கதைப்போம். மாமா நேர்மாறு, "தின்னுற சனம் தின்னட்டும், என்ட வலையில இருந்து போனாப் போதும்" என்கிறார்.

அந்தக் காய்ந்த தோலை ஒரு பழைய கொப்பிக்குள் வைத்திருக்கிறேன், ஆவணியில் வரும்போது காட்டுகிறேன். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி?

உன் மச்சான்