டிரெய்லர் முதலில், டிரக் அப்புறம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மார்ச்சோடு மீனா வேலையை விடுவது உறுதியாகிவிட்டது என்று படித்ததில் சந்தோஷம். நீ குறித்து வைத்திருக்கும் 2016 ஃபோர்டு எஃப்-250 டீசலிலும் சரி, மூன்று ஸ்லைடு (வெளியே நீண்டு அறையை அகலமாக்கும் பகுதி) வைத்த 35 அடி ஃபிஃப்த் வீல் வீட்டு டிரெய்லரிலும் சரி, தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குறை தெரியவில்லை. ஜோடிதான் சேராது. டிரக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

"15,000 பவுண்டு இழுக்கும்" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பொய்யில்லை, இழுக்கும். தாங்குமா என்று யாரும் சொல்லவில்லை. பம்பருக்குப் பின்னால் பந்தில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் டிரக் மேல் ஏற்றும். ஃபிஃப்த் வீலின் கிங்பின், அதாவது அதன் முன்பக்கத்தைத் தாங்கும் இரும்பு முளை, டிரக்கின் பெட்டுக்குள் (பின்பக்கத் திறந்த தொட்டிக்குள்), பின்னச்சுக்கு மேலேயே உட்காருகிறது. 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஏறும், 22, 23 கூட வரும். அந்த டிரெய்லரின் ஸ்டிக்கரில் மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு. விளம்பரத்தில் உள்ள 2,000 பவுண்டு கிங்பின் எடை வெறும் வண்டிக்கு. பேட்டரி கிடையாது, புரொப்பேன் கிடையாது, ஒரு தட்டுமுட்டுச் சாமான் கிடையாது. படுக்கையறையும் துணி அலமாரியும் முன்பக்கச் சாமான் அறையும் கிங்பின்னை ஒட்டியே இருப்பதால் நீங்கள் ஏற்றுவதில் பெரும்பங்கு டிரக் தலையில்தான் விழும்.

14,000-இல் 21 சதவீதம் போட்டுப் பார்: 2,940. கிங்பின்னைப் பிடித்துப் பூட்டும் ஹிட்ச் 180. நீங்கள் இரண்டு பேர் 330. கருவிப்பெட்டி, ஜெனரேட்டர், குடிதண்ணீர் என்று 200. ஆக 3,650. இனி டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பார். வெள்ளையில் மஞ்சள் பட்டை போட்ட டயர் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். அதுதான் பேலோட். அந்த மாதிரி கிரூ கேப் (இரண்டு வரிசை இருக்கை), நான்கு சக்கர இழுவை டீசல் எஃப்-250-இல் அது பெரும்பாலும் 2,200-க்கும் 2,500-க்கும் நடுவில்தான். ஆயிரம் பவுண்டுக்கு மேல் துண்டு விழுகிறது. தலைகீழாகவும் கணக்குப் போடலாம்: 2,400 பேலோடில் ஹிட்ச், ஆட்கள், சாமான் போக மிஞ்சுவது 1,690. அதற்குத் தக்க டிரெய்லர் ஏறக்குறைய 8,000 பவுண்டு. அந்த எடையில் நீ கேட்கிற வசதியோடு ஃபிஃப்த் வீல் கிடையாது.

எஃப்-250-ம் அதற்கு அடுத்த பெரிய எஃப்-350-ம் ஒரே இரும்பு, ஸ்டிக்கர்தான் வேறு என்று உன்னிடம் பத்துப் பேர் சொல்வார்கள். பாதி உண்மை. எஃப்-250-இன் மொத்த எடைக்கு 10,000 பவுண்டு வரம்பு என்பதில் பதிவுக் கட்டண வகுப்பின் பங்கு உண்டு. ஆனால் விபத்து என்று வந்தால் எதிர்க்கட்சி வக்கீல் படிக்கப்போவது ஸ்பிரிங்கை அல்ல, ஸ்டிக்கரை.

அதனால் டிரெய்லரை முதலில் முடிவு செய். அதன் வரம்பு எடையை வைத்து டிரக் தேடு. இந்த 14,000 பவுண்டு டிரெய்லர்தான் வேண்டும் என்றால் ஒரு டன் டிரக் (எஃப்-350, ராம் 3500 வகுப்பு): ஒற்றைச் சக்கரமானால் பேலோட் ஸ்டிக்கரில் 3,700-க்குக் குறையக் கூடாது, அப்போதும் நூலிழையில்தான் தப்பும். இரட்டைச் சக்கர டூவலி என்றால் 5,000 சாதாரணமாகவே இருக்கும். ஆறு டயர் செலவு, கார் வாஷில் நுழையாது, ஊருக்குள் நிறுத்த இடம் கிடைக்காது. இருந்தாலும் பக்கக் காற்றில் அது நிற்கிற நிலை வேறு. பெட்ரோல் எஞ்சின் டீசலைவிட 500 பவுண்டுக்கு மேல் எடை குறைவு, அவ்வளவும் பேலோடுக்குப் போகும். வருடத்துக்கு 5,000 மைல்தான், ராக்கி மலைப் பக்கம் போகப்போவதில்லை என்றால் 2020-க்குப் பிந்தைய ஃபோர்டு 7.3 லிட்டர் பெட்ரோலை ஒதுக்கிவிடாதே. எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) இல்லாததுதான் அதன் குறை; நீண்ட இறக்கத்தில் அந்த அருமை தெரியும்.

பெட் எட்டடியாக இருக்கட்டும். நீ பார்த்த 6¾ அடி பெட்டில் குறுகலாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியைத் தேடி வரும். அதற்காகப் பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் வாங்கினால் எடையும் விலையும் ஏறும். பெட்டின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிவயிற்றுக்கும் இடையே ஐந்தரை, ஆறு அங்குலம் இடைவெளி வேண்டும். புது டிரக்குகள் உயரம் அதிகம். பழைய டிரெய்லரோடு சேர்த்தால் இடைவெளிக்காக மூக்கைத் தூக்கி வைக்க நேரும், டிரெய்லரின் பின்னச்சு டயர் மேல் கூடுதல் சுமை விழும்.

டீசல் என்றே முடிவானால் ஓடிய மைலைவிட எந்த வருட எஞ்சின் என்பதை முதலில் பார். ஃபோர்டில் 2003 முதல் 2007 வரையிலான 6.0, 2008 முதல் 2010 வரையிலான 6.4 இரண்டையும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதே. முதலாவதில் ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும், அதனால் இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விப்பது) காய்ந்து வெடிக்கும், கடைசியில் ஹெட் கேஸ்கெட்டும் போகும். இரண்டாவதில் புகை வடிகட்டியைச் சுடுவதற்காகச் சிலிண்டருக்குள்ளேயே விடும் டீசல் வழிந்து எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். 2011-இல் வந்த 6.7 தேவலை, 2015 முதல் டர்போ பெரிதாகி இன்னும் நன்று. செவர்லேயின் டியூராமாக்ஸ் டீசலில் 2001-04 எஞ்சின்களின் இன்ஜெக்டர் வால்வு கவருக்கு அடியில் இருப்பதால் மாற்றக் கூலியே தாளித்துவிடும். 2006-07 மாடல்களுக்கு நல்ல பெயர். ராமில் கமின்ஸ் எஞ்சின் உழைக்கும், ஆனால் 2014 முதல் வந்த 2500-க்குப் பின்னால் காயில் (சுருள்) ஸ்பிரிங். கிங்பின் ஏறினால் பின்புறம் தொங்கும். 3500-இல் லீஃப் (பட்டை) ஸ்பிரிங். அதிலும் ஐசின் கியர்பாக்ஸ் உள்ளதாகத் தேடு.

ஒரு பொதுவான கண்டம், பாஷின் சிபி4 உயர் அழுத்த டீசல் பம்ப். ஃபோர்டு 6.7-இல் உண்டு, 2011 முதல் 2016 வரையிலான டியூராமாக்ஸில் உண்டு, 2019-20 ராமில் இருந்ததை நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து (ரீகால்) மாற்றியது. அது உள்ளே தேய்ந்து உடைந்தால் இரும்புத்தூள் எரிபொருள் ரெயில் குழாய், இன்ஜெக்டர், டேங்க் வரை பரவும்; பம்போடு முழு எரிபொருள் அமைப்பையே மாற்ற வேண்டும், பில் பத்தாயிரம் டாலரைத் தொடும். வாங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் டீசல் ஃபில்டரை வெட்டி வெயிலில் காட்டச் சொல். மினுமினுப்பு தெரிந்தால் கிளம்பிவிடு.

நீ வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டி வைக்காதே என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல். போனதும் பானெட்டில் கை வை; சூடாக இருந்தால் ஏன் என்று கேள். திரையில் எஞ்சின் ஓடிய மணிநேரமும் நகராமல் நின்றபடி ஓடிய (ஐடில்) மணிநேரமும் பார். 1,00,000 மைல், 2,500 மணி என்றால் சராசரி 40 மைல், நெடுஞ்சாலை வண்டி. அதே மைலுக்கு 5,000 மணி என்றால் கட்டட வேலையிடத்தில் நின்றபடி ஓடிய வண்டி. அப்படிப்பட்டதில் புகை வடிகட்டி அடைத்தே இருக்கும். எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் விரலை விட்டுத் துடை. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்தால் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். கருமை அப்பினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, இல்லை வெட்டியெடுத்துவிட்டார்கள். அதை எடுப்பது மத்திய சட்டத்துக்கு விரோதம். திரும்பப் பொருத்த ஆயிரக்கணக்கில் ஆகும். "டிலீட் பண்ணினது, நல்ல மைலேஜ்" என்று பெருமையாகச் சொன்னாலும் வேண்டாம்.

மிச்சிகன் உப்புச் சாலையில் ஓடிய டிரக்கை அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பிரேக் குழாய், கியர் ஆயில் குழாய், ஸ்பிரிங் தாங்கி மூன்றும்தான் முதலில் அரிக்கும். புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்த சேஸிஸ் என்றால் சுத்தியலால் தட்டிப் பார்; கணீர் என்று வர வேண்டும். டென்னசிக்குக் கீழே போய் வாங்கினால் பயணச் செலவு போனாலும் லாபம்தான்.

இனி டிரெய்லர். அரை நாள் ஒதுக்கு. கரண்டும் தண்ணீரும் இணைத்துத் தயாராக வைக்கச் சொல்; ஃபிரிட்ஜை முந்தைய நாளே போடச் சொல். அமோனியா ஃபிரிட்ஜ் குளிர எட்டு மணிநேரம் ஆகும், நீ போனபின் போட்டால் எதுவும் தெரியாது. வெளிக்கதவைத் திறந்து பின்பக்கம் முகர்ந்து பார்: அமோனியா நெடியோ மஞ்சள் பொடியோ இருந்தால் கூலிங் யூனிட் போய்விட்டது. கரண்டில் மட்டுமல்ல, புரொப்பேனிலும் ஓட்டிக் காட்டச் சொல்.

தண்ணீர்தான் இந்த வண்டிகளின் எமன். கூரையில் ஏறி நட. கால் அமுங்கும் இடத்தில் பலகை உளுத்திருக்கிறது. ஏசி, வென்ட், ஏணி, ஓரப் பட்டை சுற்றியுள்ள சீலன்ட் வெடித்திருக்கிறதா பார். வருடத்துக்கு இரண்டு முறையாவது கவனித்திருக்க வேண்டிய வேலை அது. வெளிச்சுவரைச் சாயங்கால வெயிலில் பக்கவாட்டாகப் பார்த்தால் ஃபைபர் கிளாஸ் உப்பலாகவோ அலையலையாகவோ தெரிந்தால் பின்னால் இருக்கும் மரத்தகடு ஊறிப் பிரிந்துவிட்டது. அதைச் சரிசெய்வது சுலபமில்லை. நாற்பது டாலர் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள். மேல் அலமாரிகளின் உள்மூலை, ஜன்னல் கீழ்விளிம்பு, கட்டில் தலைமாடு, ஸ்லைடு தரையின் ஓரம் எல்லாம் வைத்துப் பார். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. வாசனைத் திரி கொளுத்தி வைத்திருந்தால் இரண்டு மடங்கு கவனம்.

குளிர்காலத்தில் குழாய் வெடித்ததா என்று தெரிய ஒரு எளிய வழி: தொட்டியில் தண்ணீர் விட்டு பம்பைப் போடு, எல்லாக் குழாயையும் மூடு. பம்ப் நின்றுவிட வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்து கேள். இடையில் ஒருமுறை டக்டக் என்று ஓடினால் எங்கோ கசிகிறது.

ஸ்லைடுகளை இரண்டு மூன்று முறை வெளியே விட்டு உள்ளே இழு. இரு ஓரமும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். சுவரின் பக்கங்களிலேயே இரட்டை மோட்டார் வைத்த ஷ்வின்டெக் வகையில் ஒன்று பின்தங்கினால் கோணிக்கொள்ளும். கனமான சமையலறை ஸ்லைடுக்கு அந்த வகை போட்டிருந்தால் எனக்குப் பிடிக்காது.

கிங்பின் தாங்கும் முன்சேஸிஸ் வளைகிற இடத்தில் டார்ச் அடி. வெல்டில் துரு வழிந்த கோடு, மூக்கு மூடி சுவரைச் சேரும் இடத்தில் புதிதாய் அப்பிய சீலன்ட், ஸ்லைடுக்கு மேல்மூலையில் ஃபைபரில் நட்சத்திர விரிசல்: மூன்றில் ஒன்று இருந்தாலும் சேஸிஸ் வளைகிறது என்று அர்த்தம். விலை பேசாதே, விட்டுவிடு.

டயரின் பக்கத்தில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. மேற்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வயதுக்கு மேல் ஆனால் விலையில் நான்கு டயரைக் கழி. 14,000 பவுண்டு வண்டிக்கு 235/80R16 அளவில் எண்பது பிஎஸ்ஐ காற்றழுத்த ஈ சுமைத்தர டயர் ஒவ்வொன்றும் 3,520 தாங்கும். போதும்; இன்னும் மிச்சம் வேண்டுமென்றால் ஜி தரம் போடு. ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளில் நைலான் புஷ் இருந்தால் வெண்கல புஷ், கிரீஸ் ஓட்டை வைத்த போல்ட் செட்டுக்கு மாற்று. சக்கர பேரிங்குக்கு எப்போது கிரீஸ் போட்டது என்று கேள். கிரீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மேல் அழுத்தியிருந்தால் சீல் தாண்டி பிரேக் ஷூவில் படிந்திருக்கும். ஒரு டிரம்மையாவது கழற்றிப் பார்.

வருடம் என்று கேட்டாயே, 2021-இல் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஆர்வி (இந்த மாதிரி வீட்டு வண்டிகள்) தொழிற்சாலைகளிலிருந்து அனுப்பினார்கள், அதுவே உச்சம். அந்த அவசரத்தில் ஆர்வி தொழிற்சாலைகள் குவிந்திருக்கும் இந்தியானாவின் எல்க்ஹார்ட்டிலிருந்து வந்தவற்றில் வேலைத்தரம் கொஞ்சம் இறங்கியது என்பதே என் கணிப்பு. 2016-19 வண்டியாக, குறைகளை எல்லாம் முதல் உரிமையாளரே சரிசெய்து ரசீது வைத்திருந்தால் அதை எடு. தெரியாத ஊரில் வாங்கினால் என்ஆர்விஐஏ (ஆர்வி பரிசோதகர் சங்கம்) சான்று பெற்ற பரிசோதகரைச் சில நூறு டாலர் கொடுத்து அனுப்பலாம். டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) வங்கிக் கடன் இருந்தால் பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக்கே போய் அங்கே கட்டு.

முதல் முறை மாட்டும்போது டிரெய்லரின் கிங்பின் தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்கட்டும்; டிரக் பின்னால் போகையில் அதைத் தூக்கிக்கொண்டே நுழையும். உயரமாக இருந்தால் ஹிட்ச்சின் தாடை கிங்பின்னைப் பிடித்தது போலத் தெரியும், பிடித்திருக்காது. டார்ச் அடித்து, தட்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியாததையும் தாடை சுற்றிப் பூட்டியதையும் பார். பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் போடும் கம்பி) ஹிட்ச்சில் மாட்டாதே, டிரக்கில் மாட்டு. அப்போதுதான் ஹிட்ச்சே பிடுங்கிக்கொண்டு போனாலும் பிரேக் விழும். தாங்குகால்களைத் தரையிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்தபடி டிரக்கை முன்னால் நகர்த்திப் பார். பிடித்திருந்தால் அசையாது, விட்டாலும் கால்களில்தான் இறங்கும், பெட்டில் விழாது. பிறகு நேராக அருகிலுள்ள கேட் (CAT) நிறுவன லாரி எடைமேடைக்குப் போ, ஒவ்வொரு அச்சும் எவ்வளவு என்று சீட்டு வாங்கு. டிரெய்லரை விட்டுவிட்டு 24 மணிநேரத்துக்குள் டிரக்கை மட்டும் மறுபடி நிறுத்தினால் கட்டணம் குறைவு. முதல் சீட்டில் டிரக் அச்சுகளின் எடையிலிருந்து இரண்டாவது சீட்டின் எடையைக் கழித்தால் உண்மையான கிங்பின் எடை கைக்கு வந்துவிடும்.

மீனாவுக்கு என் அன்பு. டூவலி ஏதாவது கண்ணில் பட்டால் கதவு ஸ்டிக்கர் படத்தோடு எழுது.

உன்,
பாலு