நெருநல் உளனொருவன்: பெருமை யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழ்களின் நினைவஞ்சலி விளம்பரங்களிலும் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும் 336ஆம் குறள் அடிக்கடி இடம்பெறுகிறது.

நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும்
பெருமை உடைத்துஇவ் வுலகு

மறைந்தவரின் பெருமையைச் சொல்லும் பாட்டு என்று எண்ணியே பலரும் இதை அவர் படத்துக்குக் கீழே போடுகிறார்கள். இந்தக் குறளில் பெருமை உலகுக்கு உரியது. 'நேற்று இருந்தான் ஒருவன், இன்று இல்லை' என்று சொல்லப்படும் பெருமையை உடையது இவ்வுலகம். 34ஆம் அதிகாரமான 'நிலையாமை'யில் வரும் பாட்டு இது. திருக்குறளின் பழைய உரையாசிரியர் பரிமேலழகர் இங்கே பெருமையை நிலையாமை மிகுதி என்றே விளக்குகிறார். அப்படிப் பொருள் கொண்ட பிறகும் 'பெருமை' என்ற சொல் நெஞ்சில் உறுத்தத்தான் செய்கிறது. அந்த உறுத்தலை எந்த உரையும் ஆற்றிவிட வேண்டாம் என்பேன்.

'உடைத்து' என்றதும் எதையோ உடைப்பதாக மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது 'உடையது' என்னும் பொருள் தரும் குறிப்பு வினைமுற்று. 'அன்பும் அறனும் உடைத்தாயின்' என்னும் குறளில் வருவதும் இதே சொல்தான்.

'நெருநல்' புரியாது என்று 'நேற்று' என மாற்றி அச்சிட்டால் சீரும் சீரும் இணையும் தளை கெடாது; எதுகை போய்விடும். நெருநல், பெருமை இரண்டிலும் இரண்டாம் எழுத்தாக 'ரு' நின்றுதான் இரண்டு அடிகளையும் கட்டுகிறது. சொல்லும் அப்படியொன்றும் அந்நியமில்லை. மார்கழியில் பாடும் திருப்பாவையின் 'நென்னலே வாய்நேர்ந்தான்' என்ற அடியில் வரும் நென்னல் இதன் உறவுதான்.

மறைந்தவர் பெண் என்றால் 'ஒருவன்' என்பதை 'ஒருத்தி' ஆக்குவதும் தவறு. முன்னால் நிற்கும் 'உளன்' ஆண்பால், இரண்டும் ஒட்டாது. பிறப்பும் இறப்பும் பெண்பாலுக்கும் உண்டு என்று பரிமேலழகரே சொல்லியிருப்பதால், மாற்றாமல் போடலாம்.

பதாகை அச்சிடுவோர் இடத்துக்கு ஏற்ப வரியை மூன்றாக மடக்குகிறார்கள். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அடியை முறிக்காதீர்கள். மறைந்தவரைப் போற்றத்தான் வேண்டும் என்றால் 50ஆம் குறள், 'வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன்', அதற்கென்றே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.